சிவப்பு மைப் பக்கம்

பெரியப்பாவின் உள்ளங்கை எனக்கு அப்பாவின் உள்ளங்கையைவிட நன்றாகத் தெரியும். அப்பா என் கையைப் பிடித்ததெல்லாம் ரோடு தாண்டும்போதுதான், அதுவும் மணிக்கட்டை. பெரியப்பா அப்படியில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு, என் வலது உள்ளங்கையோடு தன் வலது உள்ளங்கையை வைத்து, இடது கையால் மேலே மூடி, ஒரு மூச்சு நேரம் அப்படியே வைத்திருப்பார். மம்பட்டிப் பிடி காய்த்துப்போன கை. சுண்டுவிரல் ஓரம் ஒரு வெடிப்பு. எவ்வளவு தேய்த்துக் குளித்து வெள்ளைச் சட்டை போட்டு வந்தாலும் அந்த வெடிப்புக்குள் கொஞ்சம் மண் இருக்கும். அந்தக் கையை விட்டதும் நான் இடது பக்கம் திரும்பி அப்பாவின் கையைப் பிடிக்க வேண்டும். அதில் காயமும் கருப்பட்டியும் சேர்ந்த வாசம்.

சி.எஸ்.ஐ. சபைகளில் நற்கருணை ஆராதனைக்கு நடுவே ‘சமாதானம் கொடுக்கிறது’ என்று ஒன்று உண்டு. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபின், 1950-இல் வந்த ஆராதனை முறையில் அதைச் சேர்த்தார்கள். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடம் இருந்த பழைய வழக்கம் அது. குருவானவர் பீடத்தருகே நிற்பவருக்குக் கொடுப்பார். அவர் இறங்கி வந்து முன்வரிசைக்குக் கொடுப்பார். அங்கிருந்து கைமாறிக் கைமாறிக் கடைசி ஆள் வரைக்கும் போக வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் போகிற மாதிரிதான். நடுவில் ஒருவர் மடையை அடைத்தால் அந்தண்டை வயலுக்கு ஒன்றும் போகாது.

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லாத ஒன்பது வருஷத்தில் பெரும்பாலும் மடை அடைபடாமல் பார்த்துக்கொண்டது நான்தான். ஆலயத்தில் ஆண்கள் பக்கம், மூன்றாவது சமுக்காளத்தில், பெரியப்பா சுவரோரம் உட்காருவார். அப்பா தூணோரம். நடுவில் நான். அப்படி உட்கார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இரண்டு பேருமே என் வயசுப் பையன்கள் முன்னால் போய் உட்காரும்போது என்னை மட்டும் ‘இங்கனயே இருல’ என்று நிறுத்திவைத்ததிலிருந்து நானாகப் புரிந்துகொண்டதுதான். எங்களுக்கு மாதம் ஒருமுறைதான் சேகரத்துக் குருவானவர் வந்து நற்கருணை கொடுப்பார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஆராதனை. கணக்குப் போட்டால் ஏறக்குறைய நூறு தடவை அந்தச் சமாதானம் என் வழியாகத் தாண்டியிருக்கிறது. என்னிடம் கொஞ்சமாவது தங்கியிருக்கும் என்று இன்றைக்கும் நம்புகிறேன், ஆதாரம் அவ்வளவாக இல்லாவிட்டாலும்.

ஊர் கங்கைகொண்டான். திருநெல்வேலியிலிருந்து மதுரை ரோட்டில் வடக்கே போனால் வருகிற ஊர். பெயர் ராஜேந்திர சோழனின் பட்டம். கைலாசநாதர் கோயில் இருக்கிறது, ரயில் நிலையம் இருக்கிறது. குற்றாலத்து மலையில் பிறந்த சிற்றாறு எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு போய்ச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேரும். இன்றைக்கு வெளியூர்க்காரரிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால் “சிப்காட்டா?” என்பார்கள், இல்லாவிட்டால் “மான் சரணாலயமா?” என்பார்கள். 2013-இல் புள்ளிமான்களுக்கென்று சரணாலயமாக அறிவித்த காடு அது. நான் சிறுவனாக இருந்தபோது அது வெறும் காடு. மான்கள் வெறும் மான்கள். ராத்திரி கடலைச் செடியை மேய்ந்துவிட்டுப் போகும் திருட்டுக் கழுதைகள் என்று பெரியப்பா வைவார்.

சண்டை கிணற்றில் ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் பாதிச் சண்டைகள் பங்குக் கிணற்றிலிருந்துதான் வரும். ஆளுக்கு இரண்டு நாள் முறைத் தண்ணீர். 1975-இல் பெரியப்பாவின் முறையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தபோது காயில் கருகிவிட்டது. ஓட்டினவர் கட்ட வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. கருகுகிற நிலைமையில் இருந்த மோட்டார் யார் முறையில் கருகினால் என்ன, பாதிப் பாதி என்பது பெரியப்பாவின் கட்சி. இரண்டிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் தீரவில்லை. வக்கீல் நோட்டீஸ் வரைக்கும் போய், அதற்குமேல் போகப் பணமில்லாமல் நின்றது.

அதோடு நின்றிருந்தால்கூடக் காலப்போக்கில் ஆறியிருக்கும். அந்த வருஷத்து அசனத்தில், சபை விருந்தில், இலை போட்டுச் சோறு பரிமாறிக்கொண்டிருக்கும்போது, யாரோ ரெண்டு பேரையும் சேர்த்துவைக்கப் பார்த்தார்கள். சாம்பார் வாளியோடு நின்ற பெரியப்பா சபை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “தராசுத் தட்டுக்கு அடியில புளிய ஒட்டி விக்கிறவன்கிட்ட என்னய்யா நியாயம் பேச?”

பலசரக்குக் கடைக்காரனைப் பார்த்துச் சொல்லக் கூடாத ஒரே வார்த்தை அது. அப்பா இலையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டார். அவர் புளி ஒட்டினவரில்லை. காலையில் கடை திறந்ததும் தட்டு இரண்டையும் கவிழ்த்துத் துடைத்து, வாடிக்கைக்காரர் பார்க்க முள்ளைச் சரிபார்த்துவிட்டுத்தான் முதல் வியாபாரம். அந்தச் சொல்லுக்குப் பிறகு ஒவ்வொரு தடவை எடை போடும்போதும் தட்டைக் கவிழ்த்துக் காட்ட ஆரம்பித்தார். சாகும்வரை விடவில்லை.

பெண்கள் இந்தச் சண்டையைக் கண்டுகொள்ளவே இல்லை. அம்மாவும் பெரியம்மாவும் கொல்லைச் சுவருக்கு மேலாகத் தூக்குவாளியை மாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். பெரியம்மா வைத்த கருவாட்டுக் குழம்பை அப்பா ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, “இன்னைக்குக் கொளம்பு நல்லாருக்கே” என்பார். அம்மா பதில் சொல்ல மாட்டாள். அவருக்கும் தெரியும், அவர் கேட்கவும் மாட்டார்.

கடை ரயில் நிலையத்துக்குப் போகிற தெருவில். எட்டு மணிக்குப் பலகையைப் போட்டு அடைத்துவிட்டு, கல்லாவுக்கு முன்னாலேயே குடும்ப ஜெபம். சாக்கு மூட்டைகளில் நாங்கள் சாய்ந்து உட்காருவோம். அப்பா சிம்னி விளக்கைப் பக்கத்தில் இழுத்துவைத்து வேதம் வாசிப்பார். வாசித்து முடித்ததும் அதே வெளிச்சத்தில் அன்றைய சிட்டையைப் பேரேட்டில் ஏற்றுவார். வேதப்புத்தகமும் பேரேடும் ஒரே பலகையில் அடுத்தடுத்து இருக்கும். பேரேட்டின் முதல் பக்கத்தில் ‘இயேசுவே துணை’. நீளவாக்கில் தைத்த நோட்டு, சிவப்புத் துணி அட்டை. பற்றுக்கு நீல மை. வராக்கடனுக்குச் சிவப்பு.

மழை பொய்த்த வருஷங்களில் அப்பா கடன் பாக்கி கேட்டு யார் வீட்டுக்கும் போனதில்லை. மலைப்பிரசங்கத்தில், மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில், நல்லவன் தலையிலும் கெட்டவன் தலையிலும் கடவுள் ஒரே வெயிலையும் ஒரே மழையையும் விழவைக்கிறார் என்று வருகிற இடம் அவருக்குப் பிடித்தமானது. மானாவாரி விவசாயிக்குக் கடன் கொடுத்த கடைக்காரனுக்கு அந்த வசனம் வேறு மாதிரிப் புரியும். மழை பெய்தால் எல்லாருடைய கணக்கும் நேராகும், பெய்யாவிட்டால் யோக்கியனும் பாக்கிக்காரன்தான். ஒரு சம்சாரி செத்துப்போனால் அவர் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டு, ‘தீர்ந்தது’ என்று எழுதுவார். சம்சாரம் வந்து கேட்டால், “ஒண்ணும் பாக்கி இல்லம்மா, அவுக கட்டிட்டுத்தான் போனாக” என்று பொய் சொல்வார். இந்த மனுஷன்தான் கூடப்பிறந்த அண்ணனைத் தெருவில் கண்டால் சந்துக்குள் நுழைவார். யோவானின் முதல் நிருபம் நாலாம் அதிகாரத்தின் கடைசியில், கண்ணெதிரே இருக்கிற சகோதரனை வெறுத்துக்கொண்டு காணாத தேவனை நேசிக்கிறேன் என்பவனைப் பொய்யன் என்று சொல்கிற வசனம் வரும்போது அப்பாவின் வாசிப்பு வேகமாகும். மற்றவர்களுக்கு அங்கே ‘சகோதரன்’ என்றால் சக விசுவாசி, மனிதகுலம், என்னென்னவோ. எங்கள் வீட்டில் அது பெரியப்பா.

1982 லெந்து நாட்களில் ஒரு வெளியூர்க் குருவானவர் மூன்று நாள் கூட்டம் நடத்தினார். ஒல்லியான மனுஷர், கத்திப் பேசத் தெரியாது. ஊருக்கு அவரைப் பிடிக்கவில்லை. இரண்டாம் நாள் ஒன்று கொரிந்தியர் 13-ஐ எடுத்தார். கல்யாண அழைப்பிதழிலெல்லாம் போடுகிற அதிகாரம், அரைத் தூக்கத்தில்கூட ஒப்பிக்கலாம். ஐந்தாம் வசனத்தில், தீங்கைப் பற்றிச் சொல்லும் இடத்தில் நம் வேதத்தில் ‘நினையாது’ என்று ஒரு சொல் இருக்கிறதல்லவா, என்று நிறுத்தினார். மூலத்தில், கிரேக்கத்தில், அது வெறும் மனசு சம்பந்தப்பட்ட சொல் இல்லை. கணக்குப்பிள்ளையின் சொல், என்றார். லோகிஸோமாய். கணக்கில் ஏற்றுவது, பேரில் எழுதுவது. பவுல் ரோமர் நாலாம் அதிகாரத்தில் ஆபிரகாமைப் பற்றிச் சொல்லும்போது திரும்பத் திரும்ப இதே சொல்லைத்தான் போடுகிறார். இரண்டு கொரிந்தியர் ஐந்தாம் அதிகாரத்தில், தேவன் உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கியபோது ஜனங்களின் குற்றங்களை அவர்கள் பேரில் எழுதவில்லை என்று சொல்வதும் இதே சொல்லால்தான். ஆக, நம் விஷயத்தில் தேவன் எதைச் செய்யாமல் விட்டாரோ அதையே அடுத்தவன் விஷயத்தில் செய்யாமல் விடுவதுதான் அன்பு. பெரிதாக ஒன்றும் செய்யச் சொல்லவில்லை, எழுதாமல் இருக்கச் சொல்கிறார், அவ்வளவுதான் என்றார். பிறகு தண்ணீர் குடித்தார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். தூணில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எத்தனையோ பிரசங்கத்தில் விதைக்கிறவனும் மேய்ப்பனும் மீன்பிடிக்கிறவனும் வருவார்கள். கடைக்காரன் வருவது அபூர்வம். தன் தொழில் வார்த்தை வேதத்துக்குள் இருக்கிறதைக் கேட்டவருடைய முகம் அது. அன்று ராத்திரி ஜெபம் முடிந்தும் அவர் பேரேட்டைத் திறக்கவில்லை. மறுநாள் இரண்டு நாள் சிட்டையையும் சேர்த்து ஏற்றினார்.

அதற்குப்பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று எழுத ஆசைதான். சாட்சிக் கூட்டங்களில் அப்படித்தான் சொல்வார்கள். இரண்டு வருஷம் ஒன்றுமே நடக்கவில்லை. சந்துக்குள் நுழைவது தொடர்ந்தது. நடுவில் நான் உட்காருவதும் தொடர்ந்தது.

இந்தக் கைகொடுக்கிற சங்கதியில் எனக்கு இன்னொரு உறுத்தலும் உண்டு. எங்கள் ஆலயத்தில் கடைசி இரண்டு வரிசையில் சில குடும்பங்கள் உட்காரும். அவர்களை அங்கே உட்காரச் சொன்னது யாருமில்லை, முன்னால் வாருங்கள் என்று கூப்பிட்டதும் யாருமில்லை. சமாதானம் அந்த வரிசைக்குப் போய்ச் சேருவதற்குள் காணிக்கைப் பாட்டு ஆரம்பித்துவிடும். பாட்டு ஆரம்பித்தால் கைகள் பாமாலைப் புத்தகத்துக்குப் போய்விடும். இது தற்செயல் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். வெள்ளாளன்விளையில் ஒரு உள்ளூர்க் குருவானவரின் மகனாகப் பிறந்த வி.எஸ். அசரியா, பின்னால் தோர்ணக்கலில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர், 1910-இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாட்டில் பேசியதை வளர்ந்தபின் படித்தேன். அவரும் எடுத்துக்கொண்டது இதே 13-ஆம் அதிகாரம்தான். மிஷனரிகள் பட்ட பாட்டையெல்லாம் நன்றியோடு ஒப்புக்கொண்டுவிட்டு, எங்களுக்கு அன்பும் வேண்டும், சிநேகிதர்கள் வேண்டும் என்று கேட்டார். நாற்காலி போடுவது, கைகுலுக்குவது, சாப்பாட்டுக்கு அழைப்பது வரைக்கும் அந்தப் பேச்சில் வருகிறது. அப்போது அவருக்கு 35 வயது. கேட்டுக்கொண்டிருந்த பலருக்கு அது பிடிக்கவில்லை. வெள்ளைக்காரரைப் பார்த்து அவர் கேட்டதை எங்கள் ஆலயத்துக் கடைசி வரிசை எங்களைப் பார்த்துக் கேட்டிருக்கலாம். அவர்கள் கேட்கவில்லை. நாங்கள் பாட்டைக் கொஞ்சம் மெதுவாக ஆரம்பித்திருக்கலாம்.

1983-இல் நான் பாளையங்கோட்டைக்குக் கல்லூரி விடுதிக்குப் போனேன். நடுவில் இருந்த பாலம் போனது. அடுத்த நற்கருணை ஞாயிறன்று அவர்களுக்கு இடையில் ஒரு ஆள் அகலத்துக்குச் சமுக்காளம் காலியாகக் கிடந்ததாம். பெரியப்பா சுவரைப் பார்த்தபடி இருந்தார். அப்பா தூணைப் பிடித்துக்கொண்டார். பின்வரிசைக்குப் போக வேண்டியது அங்கேயே நின்றது. அதற்கு அடுத்த மாதம் பெரியப்பா கதவோரமாய்ப் போய் உட்கார்ந்துகொண்டார். அம்மா இதை இன்லேண்டு லெட்டரில் எழுதவில்லை. நான் லீவுக்கு வந்தபோது அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்.

1984 கார்த்திகையில், அடைமழை நாளொன்றில், கடைப் பரணிலிருந்து சாக்கு இறக்கும்போது ஏணி வழுக்கி அப்பா விழுந்தார். தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் 23 நாள். அம்மா அப்பாவோடு ஆஸ்பத்திரியில், நான் பரீட்சையில். கடை பூட்டிக் கிடக்க வேண்டியது. மூன்றாம் நாள் பெரியம்மா வந்து அம்மாவிடம் சாவியை வாங்கிக்கொண்டு போனாள். எதற்கு என்று அம்மா கேட்கவில்லை. பெரியம்மாவும் சொல்லவில்லை.

விவசாயம் தவிர வேறெதுவும் தெரியாத பெரியப்பா இருபது நாள் கடை நடத்தினார். உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் விலையை மாற்றிச் சொன்னார். மண்ணெண்ணெய் அளக்கும்போது பாதி தரையில். ஊரே சிரித்தது. ஆனால் ஒவ்வொரு எடைக்கும் தட்டைக் கவிழ்த்துக் காட்டினாராம். வாடிக்கைக்காரர்கள் பழகிப்போய்க் கேட்டிருக்கலாம். அல்லது தானாகவே செய்திருக்கலாம். இதை எனக்குச் சொன்னவர் அந்தத் தெருவில் தையல்கடை வைத்திருந்தவர். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அசனத்தில் அவரும் இலையில் உட்கார்ந்திருந்தவர்தான்.

மாவுக்கட்டோடு அப்பா வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்ததும் முதலில் கேட்டது பேரேட்டை. நான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். இருபது நாள் கணக்கு பென்சிலில், கோணல்மாணலாக, ‘புளி’யை ‘புழி’ என்று எழுதி, ஆனால் ஒரு நயா பைசா விடாமல். பெரியப்பா வீட்டுக்கு எடுத்த சாமானுக்கும் ‘ரொக்கம்’ என்று போட்டிருந்தது. அப்பா பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டே போய்க் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். அங்கே நின்றுவிட்டார்.

அந்தப் பக்கத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. தலைப்பில் பெயர் இல்லை. சிவப்பு மை. அப்பாவின் கட்டெழுத்து.

அம்மை அடக்கச் செலவில் பாதி, 320. கிணறு தூர்வாரியது, 150. மோட்டார் காயில், 275. வக்கீல் நோட்டீஸ், 50. கடைசி வரியில், அசனத்தில் சபை முன்னால் சொன்னது. அதற்கு நேரே தொகைக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும். எவ்வளவு போடுவது என்று தெரியாமல் வெறுமனே கோடிழுத்து வைத்திருந்தார்.

இதற்கு மேலே பென்சில் எழுத்து இரண்டு இடத்தில். காயிலுக்கு நேரே 275-ஐ ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் 235. அதன் கீழே சின்னதாக, ‘பில் இருக்கு’. கடைசி வரியில், அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில், ஒரு டிக். சரக்கு இறக்கும்போது மூட்டையை எண்ணிச் சரி என்று போடுவோமே, அந்த டிக். பென்சிலை அழுத்திப் போட்டதில் தாள் லேசாகக் குழிந்திருந்தது. இன்றைக்கும் விரலால் தடவினால் தெரியும்.

மன்னிப்பு என்ற வார்த்தை எங்கள் வீட்டு ஆண்களுக்கு வாயில் வராது. யோவான் 21-இல் திபேரியாக் கடற்கரையில் மீன் சுட்டுத் தின்றபிறகு நடக்கிற பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். 1871-இல் ஹென்றி பவரின் குழு திருத்தி வெளியிட்ட நம் பழைய வேதத்தில் அது அழகாக விழுந்திருக்கிறது. ஆண்டவர் இரண்டு தடவை ‘அன்பு’ என்ற சொல்லால் கேட்கிறார். பேதுரு இரண்டு தடவையும் ‘நேசம்’ என்ற சொல்லால் பதில் சொல்கிறான். மூன்றாம் தடவை ஆண்டவரே இறங்கி வந்து அவனுடைய சொல்லால் கேட்கிறார். மூலத்திலும் அப்படி இரண்டு சொற்கள். அவற்றுக்குள் பெரிய வித்தியாசமில்லை என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. இருக்கட்டும். மூன்று தடவை மறுதலித்துவிட்டு வந்தவனுக்குப் பெரிய வார்த்தை வாயில் ஏறவில்லை, கைக்கு எட்டின சின்ன வார்த்தையைக் கொடுத்தான் என்றுதான் எனக்குப் படுகிறது. பெரியப்பாவுக்கு எட்டினது ஒரு டிக்.

அப்பா வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டார்.

“அண்ணன வரச்சொல்லு.”

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

“அந்தப் பில்லையும் எடுத்துட்டு வரச்சொல்லு.”

பெரியப்பா வந்தார். பிஸ்கட் டப்பா ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டிலுக்குக் கால்மாட்டில் ஸ்டூலில் உட்கார்ந்தார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. டப்பாவைத் திறந்து, கிஸ்தி ரசீதுகளுக்கு அடியிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினார்.

“இருநூத்தி முப்பத்தஞ்சு. பாரு.”

“வண்டி வாடகை யாரு குடுத்தா? நாப்பது ரூவா?”

“வண்டி வாடகையா? மோட்டார நான் தலைச்சுமையா சுமந்துல்லா பஸ்ஸேத்துனேன்!”

“தாழையூத்துல எறக்கி வண்டி வச்சுல்லா கொண்டுவந்தோம், அண்ணே.”

அரைமணி நேரம் இப்படியே போனது. நாற்பது ரூபாய்க்கு. ஒன்பது வருஷத்தில் முதல் பேச்சு. அம்மா கருப்பட்டிக் காப்பி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் முகத்தை மூடிக்கொண்டு அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. நாற்பது ரூபாய் விவகாரம் அன்றும் தீரவில்லை. தராசுப் பேச்சை இரண்டு பேரும் எடுக்கவே இல்லை.

பிலேமோன் நிருபம் ஒன்று உண்டு, ஒரே அதிகாரம், 25 வசனம். ஓடிப்போன அடிமைக்காகப் பவுல் அவன் எஜமானுக்கு எழுதின சிபாரிசுக் கடிதம். அவன் ஏதாவது பாக்கி வைத்திருந்தால் அதை என் பேரில் எழுதிக்கொள், நான் கட்டுகிறேன் என்று சொல்லி, இதை என் கையாலேயே எழுதுகிறேன் என்றும் சேர்ப்பார். வேதத்தில் கடைக்காரருக்கென்றே எழுதின நிருபம் என்று அப்பா பின்னாளில் சொல்லிக்கொள்வார். வருஷத்தில் நாலைந்து தடவையாவது குடும்ப ஜெபத்தில் அது வந்துவிடும். பவுல் அந்தப் பணத்தைக் கட்டினாரா என்று நான் ஒருதடவை கேட்டேன். “வராக்கடன்” என்றார் அப்பா.

கட்டுப் பிரித்தபின் அப்பா ஆலயத்துக்குப் போன முதல் நற்கருணை ஞாயிறு, தரையில் உட்கார முடியாமல் பக்கவாட்டில் நாற்காலி போட்டிருந்தார்கள். நான் ஊரில் இல்லை. என்ன நடந்தது என்று அம்மாவைக் கேட்டேன். “ஒண்ணுமில்ல. பெரிய அத்தான் கதவோரத்துல இருந்து எந்திச்சு வந்தாக. கையப் புடிச்சாக. பெறவு அவுக எடத்துக்குப் போய்ட்டாக.” நூறு தடவை நடுவில் நின்ற எனக்கு அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அதன்பிறகு அவர்கள் சண்டை போடவே இல்லை என்றில்லை. வரப்புக்காகப் போட்டார்கள், ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் ஒரு சேவலுக்காகப் போட்டார்கள். பேச்சு மட்டும் நிற்கவில்லை. அப்பா 2003-இல் போனார். அடக்கத்துக்கு முதல்நாள் ராத்திரி பெரியப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அந்த நாப்பது ரூவா...” என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. ஆறு வருஷம் கழித்து அவரும் போனார்.

பேரேடு என்னிடம் இருக்கிறது. ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊரோடு வந்தபின் ஞாயிறு பள்ளியில் பெரிய வகுப்பை என்னிடம் விட்டிருக்கிறார்கள். 13-ஆம் அதிகாரம் வரும்போது பேரேட்டைக் கொண்டுபோய்க் காட்டுவேன். 2023 டிசம்பரில் அந்தப் பெருமழைக்குப் பிறகு நல்ல சமாரியன் கதை எடுத்த வாரம், ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்ட செந்தூர் எக்ஸ்பிரஸைப் பற்றிப் பேசினோம். தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப்போய், சுமார் 800 பயணிகள். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள், தங்கள் ஊரையே வெள்ளம் சூழ்ந்திருந்தபோதும், இருந்த அரிசி பருப்பைச் சேர்த்துப் பொங்கி அவர்களுக்குச் சோறு போட்டார்கள். ஒரு பையன் எழுந்து, “அவங்க கிறிஸ்டியன்ஸா சார்?” என்று கேட்டான். சமாரியன் மட்டும் யாராம், என்று கேட்டேன். பக்கத்திலிருந்த பெண் வேறு கேட்டாள்: “அந்த அரிசிய யாரு கணக்குல எழுதுவாங்க?” பேரேட்டைக் காட்டிவைத்ததால் வந்த கேள்வி.

2020-இல் கொரோனா வந்தபோது சமாதானம் கொடுப்பதில் கையைத் தொடுவதை நிறுத்தினோம். இருந்த இடத்திலிருந்தே நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டால் போதும். கொரோனா போயும் பலர் அதையே வைத்துக்கொண்டார்கள். நேரமும் மிச்சம், பாட்டு சீக்கிரம் ஆரம்பித்துவிடுகிறது.

பெரியப்பா மகன் இரண்டு வருஷம் முன்னால் அந்தப் பங்குக் கிணற்றையும் சேர்த்து நிலத்தை விற்றுவிட்டான், என்னை ஒரு வார்த்தை கேட்காமல். நான் நோட்டில் எதுவும் எழுதவில்லை. எழுதத் தேவையில்லாதபடி தேதி, தொகை, சாட்சிக் கையெழுத்து வரைக்கும் எனக்கு மனப்பாடம். ஞாயிறன்று அவன் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருகிறான். சமாதானத்தின்போது பின்பக்கம் திரும்பிப் பொதுவாக எல்லாருக்கும் சேர்த்துக் கும்பிடுவான். நானும் பொதுவாகக் கும்பிடுவேன். இந்தப் புதுப் பழக்கம் எனக்கு ரொம்ப வசதியாகத்தான் இருக்கிறது.